கரை சேர்ந்த பின்னர்...

கடல் கடந்து வருவோரைப் பற்றிய நம் கதைகள் பெரும்பாலும் கரையிலேயே முடிந்துவிடுகின்றன. நள்ளிரவு, தோணி, அலை, குழந்தையை மார்போடு அணைத்த தாய், விடியலில் தெரியும் மணல்திட்டு: இவ்வளவும் வந்தபின் கதாசிரியர் பேனாவை மூடி வைத்துவிடுகிறார். வாசகராகிய நாமும் கண்களைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். ஆனால், கரையில் இறங்கிய அந்தக் குடும்பத்திற்கு மறுநாளும் விடிகிறது. அடுப்பு மூட்ட வேண்டும். தண்ணீர்க் குழாயின் வரிசையில் நிற்க வேண்டும். கடைக்காரரிடம் சோப்பு கேட்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். இந்த மறுநாளை நம் இலக்கியமும் திரைப்படமும் எழுதியிருக்கின்றனவா? எழுதியிருந்தால் எவ்வாறு எழுதியிருக்கின்றன? இவ்விரு கேள்விகளே இக்கட்டுரைக்குப் பொருள்.

இக்கேள்விகள் நூலகத்தில் அமர்ந்திருந்தபோது நமக்குத் தோன்றியவை அல்ல. அரியமங்கலத்தில் நம் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூச வந்த ஒருவரே இவற்றை நம்முள் எழுப்பினார். அவர் கொட்டப்பட்டு முகாமில் வாழ்பவர். மன்னார்ப் பக்கத்திலிருந்து 1990-இல் பெற்றோருடன் சிறுவனாக வந்தவர். நம்மைப் போன்றே கத்தோலிக்கர். கைப்பையில் மடு மாதாவின் சிறு படம் ஒன்றை வைத்திருந்தார். முதல் நாள் காலை பத்து மணி அளவில், "அம்மா, கொஞ்சம் தேத்தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டவர், கேட்ட மறுகணமே, "டீம்மா, டீ" என்று திருத்திக்கொண்டார். அதற்குள் நம் வீட்டுச் சிறுவன், "தெனாலி அங்கிள்!" என்று கூவிச் சிரித்துவிட்டான். வீட்டிலிருந்த பெரியவர்களும் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். பழகிப்போன சிரிப்பு அது.

பிற்பகலில் உணவருந்தும்போது நாமே பேச்சைத் தொடங்கினோம். அவர் சொன்னது இது: "முப்பத்தஞ்சு வருசமாச்சு ஐயா. வெளியில வந்தா உங்கட தமிழ், முகாமுக்குள்ள போனா எங்கட தமிழ். என்ர மகளுக்கு எங்கட தமிழ் வடிவா வராது. உங்கட தமிழ்தான் பேசுறாள். ஆனாலும் அவளை முகாம் பிள்ளை எண்டுதான் சொல்லுறாங்கள்." இதைச் சொன்ன குரலில் குறை கூறும் தொனி இல்லை. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மீண்டும் ஏணியில் ஏறினார். நாம்தாம் வெகுநேரம் அவ்விடத்திலேயே அமர்ந்திருந்தோம்.

சிரிக்கக் கற்றுத் தந்தது யார்?

நம் வீட்டுச் சிறுவனுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது? அவன் பிறப்பதற்குப் பல்லாண்டுகளுக்கு முன் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த நகைச்சுவைப் படம் 'தெனாலி'. எதைக் கண்டாலும் அஞ்சும் ஈழத்து அகதி ஒருவர் அதன் கதைத்தலைவர். அவருடைய அச்சத்திற்குப் போரும் இழப்பும் காரணங்கள் என்பதைப் படமும் ஒளிக்கவில்லை. ஆயினும், திரையரங்கை விட்டு வெளியே வந்தபோது நாம் எடுத்து வந்தது அவருடைய காரணத்தை அன்று. அவருடைய உச்சரிப்பை மட்டுமே. கால் நூற்றாண்டாகத் தொலைக்காட்சி அதை நம் வீடுகளில் மறுபடி மறுபடி ஒலிபரப்பி வந்திருக்கிறது. ஒரு மக்களின் பேச்சு நமக்கு முதலில் சிரிப்பாக அறிமுகமானால், பின்னர் அதே பேச்சில் அவர்கள் துயரத்தைச் சொன்னாலும் நம் காது சிரிப்புக்கே ஆயத்தமாகிறது. கலையின் ஆற்றலை நாம் புகழும்போது, இந்த ஆற்றலையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நேர்மை.

இலக்கியத்தில் இப்படிச் சிரித்தவர்கள் குறைவு. கண்ணீர் விட்டவர்களே மிகுதி. 1935-இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை நாம் அனைவரும் அறிவோம். வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போய்ச் சேரும் மருதியின் கதை அது. தோட்டத்துக் கொடுமையைத் தமிழ் வாசகரின் மனச்சான்றுக்கு முன் நிறுத்திய பெருமை அக்கதைக்கு உண்டு. அதன் சீற்றம் இன்றும் ஆறவில்லை. ஆயினும் சீற்றத்திற்கு ஓர் எல்லை உண்டு. மருதிக்கு நேர்ந்தவற்றை நாம் மறப்பதில்லை. ஆனால் மருதியோடு ஒரு சாதாரண நாளைக் கழித்ததாக நமக்கு நினைவு எழுவதில்லை. அவளுக்காக இரங்குகிறோம், அவளோடு வாழ்வதில்லை. இது பழியன்று. கதையின் நோக்கம் அதுவன்று என்பதே உண்மை. ஆனால், எல்லாக் கதைகளும் இந்நோக்கத்தோடு மட்டுமே எழுதப்படுமானால், கடல் கடந்தவர் என்றாலே துயரப் பொருள் என்று நம் மனம் பழகிவிடும்.

ஓர் அறையின் அகலம்

அந்தச் சாதாரண நாளை எழுதியவர் யார் என்று தேடினால், நம் திருச்சபையின் பிள்ளை ஒருவரே முன்வந்து நிற்கிறார். அவர் தெளிவத்தை ஜோசப். 1934-இல் பதுளைப் பகுதித் தோட்டம் ஒன்றில் பிறந்து, இளமையில் சிலகாலம் நம் அண்டை ஊராகிய கும்பகோணத்தில் பயின்று, மீண்டும் மலையகம் சென்று ஆசிரியராகப் பணிபுரிந்தவர். தாம் கற்பித்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். 2022-இல் மறைந்த அவருக்குத் தமிழகத்தில் 2013-ஆம் ஆண்டுக்கான விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது. ஆயினும் நம் பங்குகளின் வாசகசாலைகளில் அவர் நூல்களைக் காண்பது அரிது என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம்.

அவருடைய 'மீன்கள்' என்னும் சிறுகதையை எடுத்துக்கொள்வோம். தோட்டத்து 'லயம்' என்னும் நீண்ட கொட்டகையில் ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை. பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் அதற்குள்ளேயே உறங்க வேண்டும். அந்த நெருக்கடியில் ஒரு குடும்பத்தின் மானம் எவ்வாறு நசுங்குகிறது என்பதே கதை. இங்கே துப்பாக்கி இல்லை, கடல் இல்லை, கொடியவன் ஒருவன்கூடத் தேவைப்படவில்லை. இடமின்மை ஒன்றே போதுமானதாக இருக்கிறது. அக்கதையின் தந்தை நல்லொழுக்கத்திற்கு எடுத்துக்காட்டாக நிறுத்தப்பட்டவர் அல்லர், குடிப்பவர், தடுமாறுபவர். அவரை ஆசிரியர் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவருடைய மாண்பை நம் கண்முன் இழிவுபடுத்தவும் இல்லை. மனித மாண்பு நற்சான்றிதழ் பெற்றவருக்கு மட்டும் உரியதன்று என்பதை மறையுரையாகச் சொல்லாமல் கதையாகவே சொல்லிவிடுகிறார்.

இதையே நாம் அளவுகோலாகக் கொள்ள விரும்புகிறோம். புலம்பெயர்ந்தவரைப் பற்றிய எழுத்து, அவரை நல்லவராகக் காட்டுகிறதா என்பதைவிட, அவரை முழு மனிதராகக் காட்டுகிறதா என்று கேட்பதே முறையான திறனாய்வு.

தெருவுக்குள் வந்த குடும்பம்

இந்த அளவுகோலோடு 2025 மே முதல் நாள் வெளிவந்து மக்களின் பேராதரவைப் பெற்ற 'டூரிஸ்ட் ஃபேமிலி' திரைப்படத்தை அணுகுவோம். இளைஞர் அபிஷன் ஜீவிந்த் இயக்கிய முதற்படம் இது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் வாழ வழியின்றி, கணவன், மனைவி, இரு மகன்கள் என நால்வர் இரவில் கடல் கடந்து இராமேசுவரக் கரையில் இறங்குகின்றனர். சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோராக நடித்துள்ளனர். அவர்கள் சென்னையில் ஒரு குடியிருப்பில் தங்கி, தம் பிறப்பிடத்தை மறைத்து வாழ முற்படுவதே கதை.

இப்படத்தின் முதற் சிறப்பு, பிற கதைகள் முடியும் கரையில் இது தொடங்குவதுதான். கடற்கரையைச் சில நிமிடங்களில் கடந்து, தெருவுக்குள் நுழைந்துவிடுகிறது. வீடு பார்த்தல், வேலை தேடல், அண்டை வீட்டாரை அறிதல் ஆகிய எளிய நிகழ்ச்சிகளே அதன் காட்சிகள். இரண்டாம் சிறப்பு, மொழியை அது கையாளும் விதம். "உங்கள் தமிழைப் பேசிவிடாதீர்கள்" என்பதே அக்குடும்பத்திற்கு உறவினர் விடுக்கும் எச்சரிக்கை. தமிழ் பேசும் நாட்டில் தமிழ் பேச அஞ்சும் நிலை! நம் வீட்டு ஏணியில் நின்றவர் "டீம்மா" என்று திருத்திக்கொண்டதன் பின்னால் இருந்த அச்சம் இதுவே என்று அப்படத்தைக் கண்டபோதுதான் நமக்கு விளங்கிற்று. 'தெனாலி' சிரிக்கவைத்த பேச்சைப் பரிவோடு கேட்கவைத்தது இப்படம். இதற்காகவே இயக்குநரைப் பாராட்டலாம்.

ஆயினும் பாராட்டோடு நின்றுவிடுதல் திறனாய்வு ஆகாது. அக்குடும்பம் அளவுக்கு மீறி நல்ல குடும்பம். ஒருவரை ஒருவர் அறியாத தெருவை அவர்கள் உறவாக்குகின்றனர், தனித்திருப்போரைத் தேற்றுகின்றனர், தடம் மாறிய இளைஞரைத் திருத்துகின்றனர். ஆகவே, காவல்துறையின் ஐயம் அவர்கள்மேல் விழும்போது தெருவே அவர்கள் பக்கம் நிற்கிறது. கண்கள் கலங்குகின்றன. ஆனால் வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி எழுகிறது. அவர்கள் இவ்வளவு நல்லவர்களாக இல்லாதிருந்தால்? சிடுசிடுப்பானவராக, கடனாளியாக, சில நாள் குடிப்பவராக, அதாவது நம்மைப் போன்றவர்களாக இருந்திருந்தால், அத்தெரு அவர்களுக்கு என்ன செய்திருக்கும்? தங்குவதற்கான உரிமையை நற்குணத்தால் விலைகொடுத்து வாங்க வேண்டும் என்னும் கருத்து, படத்தின் நோக்கம் அதுவன்று எனினும், அதனடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. 'மீன்கள்' கதையின் தந்தை அத்தெருவில் குடியேறியிருந்தால் அவருக்காக யார் பேசியிருப்பார்?

மற்றொன்று: படத்தில் சட்டம் என்பது துரத்திவரும் ஒரு காவல் அதிகாரி. அவரை ஏமாற்றிவிட்டால் கதை முடிந்துவிடும். மெய்வாழ்வில் சட்டம் இவ்வாறு ஓடிவருவதில்லை. அது ஒரு பதிவேடாக மேசைமேல் அமர்ந்திருக்கிறது. முகாமில் கணக்கெடுப்பு நாளன்று நேரில் நின்று பெயர் சொல்ல வேண்டும். அந்நாளில் வெளியூர் வேலையை விட்டுவிட வேண்டும். இதில் வில்லன் எவருமில்லை. பின்னணி இசையும் இல்லை. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அண்டை வீட்டாரின் அன்பு எவ்வளவு பெரியதாயினும், அந்தப் பதிவேட்டில் ஒரு வரியை மாற்ற அதனால் இயலாது. இதை ஒரு பொழுதுபோக்குப் படம் முழுவதும் சுமக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சுமக்க வேண்டிய எழுத்து இன்னும் போதுமான அளவில் வரவில்லை என்பதையே சொல்கிறோம்.

திருச்சிக்கு இதில் பங்குண்டு

இது தொலைவில் உள்ள எவருடையதோ சிக்கல் என்று திருச்சிராப்பள்ளியில் வாழும் நாம் ஒதுக்கிவிட முடியாது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதை ஒழுங்குபடுத்த 1904-இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் அலுவலகம் செயல்பட்டது நம் திருச்சியில்தான். இம்மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டோர் மண்டபம் வழியாகக் கடல் கடந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளை 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாத்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் செய்யப்பட்ட மற்றோர் உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. யாரைக் கேட்டுப் பிரித்தனர் என்ற கேள்வி இன்றும் நிற்கிறது.

அவர்களுள் பலர் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, தாம் அதுவரை கண்டிராத 'தாயகத்திற்கு'த் திரும்பினர். அங்கே 'இந்தியத் தமிழர்' எனப்பட்டவர், இங்கே 'சிலோன்காரர்' ஆயினர். எந்தக் கரையில் நின்றாலும் அவர்களுக்குரிய பெயர் மறுகரையின் பெயராகவே இருந்தது. 1983-க்குப் பின்னும், 1990-இலும், அதன் பின்னரும் போரால் வந்தோர் அகதிகளாகப் பதியப்பட்டனர். அவர்களுள்ளும் இந்திய வம்சாவளியினர் உண்டு. கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களில் வாழும் அத்தகையோர் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் எனவும் நடுவண் அரசு அவற்றைப் பரிசீலிக்க வேண்டும் எனவும் 2019 சூன் மாதத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ இலங்கையிலிருந்து வந்தோர் சேர்க்கப்படவில்லை. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. அப்போது நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000-க்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவுசெய்துகொண்டோருக்குக் கடவுச்சீட்டு இன்மைக்காகத் தண்டனை இல்லை என நடுவண் அரசு 2025 செப்டம்பரில் ஆணையிட்டது. இவை நன்மைகளே. எனினும் தண்டனையிலிருந்து விலக்குப் பெறுவது வேறு, குடிமகனாவது வேறு.

மோவாபியப் பெண்

மறுநாளை எழுதிய நூல் ஒன்று நம் திருவிவிலியத்திலேயே இருக்கிறது. ரூத்து நூலை நாம் திருமண வீடுகளில் நினைவுகூர்கிறோம்; குடிபெயர்ந்தோரின் நூலாக வாசிப்பது குறைவு. பஞ்சத்தால் பெத்லகேமை விட்டு எலிமலேக்கின் குடும்பம் அண்டை நாடாகிய மோவாபுக்குச் செல்கிறது. பின்னர் மோவாபியப் பெண்ணாகிய ரூத்து தன் மாமியாருடன் பெத்லகேமுக்கு வருகிறாள். பயணத்தை ஆசிரியர் மிகச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறார். அவர் விரித்துரைப்பது வாற்கோதுமை அறுவடையை, கதிர் பொறுக்குதலை, நண்பகல் உணவை, மாலையில் அளந்து எடுத்துச்செல்லும் தானியத்தை. அந்நியப் பெண் ஒருத்தி அன்றைய அரிசிக்கு என்ன செய்தாள் என்பதே அங்கு இறைவார்த்தையாகிறது.

ரூத்து நற்பண்பு உடையவள். போவாசு அதைப் புகழவும் செய்கிறார். ஆயினும், அவள் வயலில் கால் வைத்தது அந்தப் புகழுக்கு முன்னரே. சிந்திய கதிர் ஏழைக்கும் அந்நியருக்கும் உரியது என்று திருச்சட்டம் ஏற்கெனவே வகுத்திருந்தது. முதலில் உரிமை, அதன் மேல் மலர்ந்தது அன்பு. நம் காலத்துத் திரைப்படம் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது என்பதே நம் முறையீடு. மேலும், ரூத்து ஊராரோடு கலந்த பின்னரும் ஆசிரியர் அவளை 'மோவாபியள்' என்றே திரும்பத் திரும்பக் குறிக்கிறார். எவ்வளவு பழகினாலும் ஊரார் வாய் அந்தப் பெயரை விடுவதில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின் மத்தேயு நம் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் அவளைச் சேர்க்கும்போது 'ரூத்து' என்று மட்டும் எழுதுகிறார்.

திருக்குடும்பமும் அண்டை நாட்டில் அடைக்கலம் புகுந்ததே. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952-இல் வெளியிட்ட திருத்தூது ஆவணம், எகிப்துக்கு ஓடிய நாசரேத்துக் குடும்பத்தைப் புலம்பெயரும் எல்லாக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டுகிறது. ஆனால் எகிப்தில் யோசேப்புக்கு யார் வேலை கொடுத்தார், மரியா எந்த மொழியில் தண்ணீர் கேட்டார் என்பதை நற்செய்தி சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பை ஒவ்வொரு தலைமுறையின் கிறித்தவருக்கும் விட்டுவைத்திருப்பதாகவே நாம் கருதுகிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டின் குடிபெயர்ந்தோர் நாளுக்கென வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒருங்கிணைத்தல் என நான்கு செயல்களைக் கூறினார். நம் பங்குகள் முதலிரண்டை ஓரளவு செய்திருக்கின்றன. கிறித்து பிறப்பு விழாவுக்குப் புத்தாடையும் இனிப்பும் முகாமுக்குப் போகின்றன. ஆனால் நான்காவது செயல் இருபுறமும் நிகழ வேண்டியது. பழகிக்கொள்ளும் கடமை வந்தவருக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தோம். இருப்பவரும் பழகிக்கொள்ள வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

எனவே, நம் இளம் எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது இதுவே. முகாமைப் பற்றி எழுதுவதற்கு முன் ஒருமுறையேனும் முகாமைச் சென்று காணுங்கள். கடலைக் குறைத்து எழுதுங்கள். குழாயடியை நிறைய எழுதுங்கள். முகாமிலேயே பிறந்து வளர்ந்து கல்லூரி வரை வந்திருக்கும் பிள்ளைகள் உள்ளனர். அவர்கள் தாமே எழுதத் தொடங்கினால், இவ்விதழின் பக்கங்கள் அவர்களுக்கும் உரியனவாகட்டும்.

நம் வீட்டுப் பணி நான்கு நாள்களில் முடிந்தது. அவர் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். 'குசினி' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே 'கிச்சன்' என்று எழுதியிருந்தார். அடித்த சொல்லைக் கண்டதும் நமக்கு நம் சிறுவயதுப் பங்குத்தந்தையின் இல்லம் நினைவுக்கு வந்தது. அங்கே சமைத்தவரைக் 'குசினிக்காரர்' என்றே ஊரார் அழைத்தனர். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற அச்சொல் பாக்கு நீரிணையின் இருகரைக்கும் பொதுவாக இருந்தது. நாம் மறந்துவிட்டோம், அவர்கள் காத்து வைத்திருந்தனர். அதை அவரிடம் சொன்னோம். அவர் வியந்து, "அப்ப இது உங்கட சொல்லுந்தானா ஐயா?" என்று கேட்டார்.

ஆம் என்றோம். நம் சிறுவன் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவரிடமிருந்து பேனாவை வாங்கி, அடித்த சொல்லுக்கு மேலிருந்த 'கிச்சனை' அடித்துவிட்டுக் 'குசினி' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தாளைத் திருப்பித் தந்தான்.